டெல்லியில் முதல் குளிர்காலமா? ஏர் பியூரிஃபையர் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகியோ புது வேலை கிடைத்தோ டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணியில்தான் வீடு பார்க்கிறார்கள். அப்போது மழை பெய்து வானம் பளிச்சென்று இருக்கும். மெட்ரோ எவ்வளவு தூரம், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பள்ளி வேன் வருமா என்றெல்லாம் விசாரிப்போம். காற்றைப் பற்றிக் கேட்கத் தோன்றாது. ஐப்பசி பாதியில் காலையில் எழுந்தால் தொண்டை கரகரக்கும், குழந்தை இருமும். அப்போதுதான் எல்லோரும் ஒரே சமயத்தில் பியூரிஃபையர் கடைக்கு ஓடுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கடைக்காரர் ஒன்று சொல்வார், விளம்பரம் வேறொன்று சொல்லும், பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிக் குழப்புவார். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் இருப்பவர்களுக்கும் இதில் பாதி பயன்படும். ஆனால் நான் எழுதுவது அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான டெல்லியை மனதில் வைத்து.

1. எந்த எண்ணைப் பார்ப்பது?

செய்தியில் வரும் ‘ஏக்யூஐ’ என்ற காற்றுத் தரக் குறியீட்டை வைத்து வீட்டுக்குள் எதையும் முடிவு செய்யாதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலி காட்டுவது 24 மணி நேரச் சராசரி. வேறு சில செயலிகள் அமெரிக்கக் கணக்கில் காட்டும். ஒரே காற்றுக்கு இரண்டும் வேறு வேறு எண் தரும். கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 என்ற நுண்தூசி இருந்தால் நம் குறியீட்டில் 100, அதாவது ‘திருப்திகரம்’. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 150-ஐத் தாண்டி ‘உடலுக்குக் கெடுதல்’ ஆகிவிடும். இதோடு நம் குறியீடு 500-இல் நின்றுவிடும், சில செயலிகள் அதற்கு மேலும் போகும். வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் சண்டைகளில் பாதி இதனால் வருவதுதான்.

அதனால் மைக்ரோகிராம் கணக்கை மட்டும் பாருங்கள். பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூசி. நுரையீரலின் அடிவரை போவது அதுதான். 24 மணி நேரத்துக்கு இந்திய வரம்பு 60, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு 15. டெல்லிக் குளிர்காலத்தில் வெளியே 250 என்பது அதிசயம் இல்லை. அப்படிப்பட்ட ராத்திரியில் படுக்கையறைக்குள் 30-க்குக் கீழே கொண்டுவர முடிந்தால் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதை அளக்க லேசர் சென்சார் உள்ள சின்னக் கருவி ஒன்று தனியாக வாங்குங்கள். சுமார் 3,000 முதல் 5,000 ரூபாய் ஆகும். மெஷினிலேயே எண் தெரிகிறதே என்பீர்கள். அது தனக்குப் பக்கத்துக் காற்றை, அதாவது தான் இப்போதுதான் சுத்தம் செய்த காற்றை, அளந்து தனக்கே மார்க் போட்டுக்கொள்கிறது. தனிக் கருவியைத் தலையணைப் பக்கம் வையுங்கள். மூடுபனி நாளில் ஜன்னலோரம் வைத்தால் ஈரத்தையும் தூசி என்று எண்ணிக் கூட்டிக் காட்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

2. வீடு முழுக்க வேண்டாம், ஓர் அறை போதும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் ஹால் நடுவில் ஒரு மெஷினை வைத்தால் எந்த அறையும் சுத்தமாகாது. வாசல் கதவு திறக்கும், சமையலறையில் தாளிப்பு நடக்கும், பால்கனிக்குப் போய்வருவார்கள். ஆனால் படுக்கையறையில் எட்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறோம். வெளியே காற்று மிக மோசமாக இருப்பதும் ராத்திரியிலிருந்து விடிகாலை வரைதான். அதனால் முதல் பணத்தைப் படுக்கையறையில் போடுங்கள். குழந்தை, வயதானவர், ஆஸ்துமாக்காரர் யாராவது இருந்தால் அவர்கள் படுக்கும் அறைதான் அந்த அறை. முடிந்தால் குளிர்கால மாதங்களில் எல்லோரும் ஒரே அறையில் படுங்கள். கட்டில் போதாது என்றால் பாய் இருக்கிறது.

3. மெஷினுக்கு முன் ஓட்டைகளை அடையுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். மாடிக்கு ஒரு குடித்தனமாகக் கட்டிய, இங்கே ‘பில்டர் ஃப்ளோர்’ என்று சொல்லும் வீடுகளில் கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும். கோடையில் கூலர் வைப்பதற்காக ஜன்னலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருப்பார்கள். கூலரைச் சுற்றி நாலு பக்கமும் இடைவெளி இருக்கும். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்கு மூடியே இருக்காது. மெஷின் ஒரு பக்கம் சுத்தம் செய்ய, இந்த வழிகளில் அழுக்குக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

தோராயக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். வெளியே 250. அறையில் மணிக்கு ஒரு தடவை வெளிக்காற்று முழுதாக உள்ளே மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் அறைக் காற்றை மணிக்கு ஐந்து தடவை வடிகட்டுகிறது. அப்போது அறைக்குள் நிற்பது 250-இல் ஆறில் ஒரு பங்கு, சுமார் 42. ஓட்டைகளை அடைத்து, உள்ளே வரும் காற்றைப் பாதியாக்கினால் அதே மெஷினில் சுமார் 23-க்கு இறங்கும். சில நூறு ரூபாய் ஃபோம் டேப் செய்கிற வேலை இது. இதே பலனை மெஷினை மாற்றிப் பெற வேண்டுமென்றால் இரண்டு மடங்கு பெரிய மெஷின் வேண்டும்.

ஹார்டுவேர் கடையில் ஒட்டும் ஃபோம் டேப்பும், கதவுக்கு அடியில் மாட்டும் சீலும் கேளுங்கள். ஜன்னல் சட்டத்தைத் துடைத்து, காயவிட்டு, அப்புறம் ஒட்டுங்கள். டெல்லித் தூசி மேல் ஒட்டினால் ஒரு வாரத்தில் உரிந்து தொங்கும். கூலரைக் கழற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மாட்டேன் என்றால் கனமான பாலிதீன் விரிப்பை உள்பக்கம் இழுத்து ஒட்டிவிடலாம். சுவரில் துளை போடுவதாக இருந்தால் முதலில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள். ஓர் அறைக்கு மொத்தம் 600 முதல் 1,000 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இதில் உயிர்போகும் ஆபத்து ஒன்று இருக்கிறது. அடைத்த அறையில் கரி அடுப்போ, எரிவாயு ஹீட்டரோ எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். ‘அங்கீட்டி’ என்று இங்கே சொல்லும் கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கி இறந்தவர்கள் செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. அவை எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை எந்தப் பியூரிஃபையரும் எடுக்காது. குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அங்கே காற்று வழியை அடைக்கவே கூடாது.

4. எவ்வளவு பெரிய மெஷின்?

பெட்டி மேல் பெரிதாக ‘400 சதுர அடி வரை’ என்று போட்டிருப்பதைப் பார்க்க வேண்டாம். சின்ன எழுத்தில் இருக்கும் சிஏடிஆர் என்ற எண்ணைத் தேடுங்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தருகிறது என்பதுதான் அது. சில கம்பெனிகள் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று போடும், அதை 1.7-ஆல் பெருக்கினால் கன மீட்டர் கணக்கு வந்துவிடும்.

உங்கள் அறை 12 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி என்றால் 1,320 கன அடி, அதாவது 37 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மணிக்கு ஐந்து தடவை வடிகட்ட வேண்டுமானால் சிஏடிஆர் சுமார் 190 வேண்டும். சரி, 200 உள்ளதை வாங்கிவிடலாமா என்றால், கூடாது. அந்த எண் அதிகபட்ச வேகத்தில் அளந்தது. அந்த வேகத்தில் வரும் சத்தத்தில் யாரும் தூங்க மாட்டார்கள். நடு வேகத்தில் 190 கிடைக்க வேண்டுமென்றால் பெட்டியில் 300, 350 போட்டிருக்கும் மெஷின் தேவை. பெட்டியில் 250 சிஏடிஆர் போட்டுவிட்டு 400 சதுர அடி என்று விற்பவர்கள், மணிக்கு இரண்டு தடவைக்குச் சற்று மேல் வடிகட்டினால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கொசு வலையில் இரண்டு கண்ணுக்கு ஒன்று விட்டுப் பின்னிய மாதிரி.

இந்த அளவு மெஷின் பெரும்பாலும் 10,000 முதல் 16,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஃபில்டர் ஹெப்பா எச் 13 என்று இருந்தால் நல்லது; ஹெப்பா என்பது நுண்தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் வகை, எச் 13 அதன் தரம். ‘ஹெப்பா மாதிரி’, ‘ஹெப்பா டைப்’ என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். வாசனை, பெயின்ட் நெடி போவதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் அடுக்கு வேண்டும். பெயருக்குக் கரி தடவிய மெல்லிய துணி அதிக நாள் தாங்காது. அயனி வெளியிடும் வசதி இருந்தால் அதை அணைத்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள். அதில் சில வகை ஓசோன் வெளியிடும், நுரையீரலுக்கு அது தேவையில்லாத தொல்லை.

வைஃபை, கலர் விளக்கு, ஏழு அடுக்குச் சுத்திகரிப்பு எதற்கும் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். மணிபிளான்ட், உப்பு விளக்கு, கழுத்தில் மாட்டும் பியூரிஃபையர் எல்லாம் அழகுக்குச் சரி. நாசா 1989-இல் செடிகளை வைத்துச் செய்த ஆய்வை இன்றும் காட்டி விற்கிறார்கள். அது காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் நடந்தது. ஏசியில் ‘பிஎம் 2.5 ஃபில்டர்’ என்று ஸ்டிக்கர் இருந்தாலும் அது ஹெப்பாவுக்கு ஈடாகாது.

5. எப்போது வாங்குவது, எந்தக் காகிதத்தை வைத்துக்கொள்வது

செப்டம்பரில் வாங்குங்கள். தள்ளிப்போனால் நவராத்திரியை ஒட்டி வரும் ஆன்லைன் தள்ளுபடி விற்பனையில். தீபாவளி முடிந்த வாரத்தில் போனால் நீங்கள் தேர்ந்த மாடல் இருக்காது, இருந்தாலும் தள்ளுபடி இருக்காது. அப்போது கையில் கிடைத்ததை வாங்க வைப்பார்கள்.

மெஷின் விலையைப் பார்க்குமுன் அதற்கான மாற்று ஃபில்டரின் விலையைப் பாருங்கள். தனியாகக் கிடைக்கிறதா, எங்கே கிடைக்கிறது என்றும் பாருங்கள். 2,000 முதல் 4,000 ரூபாய் வரை இருக்கும். மலிவான மெஷினுக்கு விலை கூடிய ஃபில்டர் என்பது பழைய வியாபார உத்தி. மூன்று வருஷக் கணக்காக எழுதிப் பாருங்கள்: 12,000 ரூபாய் மெஷின், வருஷத்துக்கு ஒரு ஃபில்டர் 3,000 என்றால், கூட வந்த ஃபில்டர் முதல் வருஷத்துக்குப் போக மேற்கொண்டு இரண்டு, ஆக 18,000. மின்சாரம் 40 வாட்டில் நாள் முழுக்க ஓடினால் தினம் ஒரு யூனிட். வாடகை வீட்டில் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினால் மாதம் 240.

காகிதங்கள்:

பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். ஆன்லைனில் எடுத்தால் வரி இன்வாய்ஸைத் தரவிறக்கி மின்னஞ்சலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்; கொஞ்ச காலம் கழித்து அது ஆர்டர் பட்டியலில் தேடக் கிடைக்காமல் போகலாம். வாரண்டியைச் சில கம்பெனிகள் வாங்கிய சில நாளுக்குள் பதிவு செய்யச் சொல்லும், அன்றே செய்துவிடுங்கள். வாரண்டி பெரும்பாலும் மோட்டாருக்கும் மின்பாகங்களுக்கும்தான், ஃபில்டருக்குக் கிடையாது. திருப்பி அனுப்பக் கடைசித் தேதி எது என்று பாருங்கள். மெஷின் வந்ததும் சோதிக்காமல் தீபாவளிக்கு எடுக்கலாம் என்று வைத்திருந்தால் அந்தத் தேதி போய்விடும்.

எனக்கு முதலில் வந்த பெட்டியில் சீல் ஏற்கெனவே பிரிந்திருந்தது, சீரியல் எண் பில்லோடு ஒத்துப்போகவில்லை. விற்றவர் பதில் சொல்லவே மறுத்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து, புகார் எண்ணை அனுப்பிய பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்திருந்ததால் வாக்குவாதம் சீக்கிரம் முடிந்தது. நீங்களும் டெலிவரிப் பையன் நிற்கும்போதே போனை எடுத்துவிடுங்கள்.

6. பெட்டியைப் பிரித்ததும்

பின்பக்க மூடியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுங்கள். அது பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி மாட்டுங்கள். சிரிக்காதீர்கள், உறையோடு மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் நிறையப் பேர். மெஷின் ஓடும், விளக்கு எரியும், சத்தமும் வரும், காற்று மட்டும் வடிகட்டப்படாது.

சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். திரைச்சீலைக்குப் பின்னாலும், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவிலும் செருக வேண்டாம். பிறகு ஒரு சோதனை. கதவு ஜன்னலைச் சாத்தி, அளவுக் கருவியில் எண்ணைக் குறித்துக்கொண்டு அதிக வேகத்தில் ஓட்டுங்கள். அரை மணி, முக்கால் மணியில் எண் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். பாதிக்குமேல் இறங்கவே இல்லை என்றால் மெஷின் சின்னது, இல்லையென்றால் எங்கோ ஓட்டை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னலோரமாகக் கொண்டுபோனால் புகை எங்கே ஒதுங்குகிறதோ அங்கே ஓட்டை.

7. ராத்திரி ஓட்டும் முறை

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கதவைச் சாத்தி அதிக வேகத்தில் போடுங்கள். படுக்கும்போது நடு வேகத்துக்கு இறக்குங்கள். ‘ஆட்டோ’வை நம்ப வேண்டாம், தன் பக்கத்துக் காற்று சுத்தமானதும் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கட்டில் பக்கம் எண் ஏறிக்கொண்டிருக்கும். ‘ஸ்லீப்’ வைத்தால் சத்தமே இருக்காது, வேலையும் ஏறக்குறைய இருக்காது.

அடைத்த அறைக்கு ஒரு விலை உண்டு. பியூரிஃபையர் தூசியைத்தான் எடுக்கும். நாம் விடும் கார்பன் டை ஆக்சைடு அங்கேயே சேரும். இரண்டு மூன்று பேர் படுத்தால் காலையில் தலை கனமாக இருப்பது இதனால்தான். வீட்டுக்குள் திறக்கும் கதவை நாலு விரல் அளவு திறந்து வைத்து, மெஷினை ஒரு படி கூட்டி வைத்தால் இரண்டும் சமாளிக்கப்படும். ஜன்னலைத் திறக்க நல்ல நேரம் மதியம் 1 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில். வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலே கிளம்புவதால் அப்போதுதான் வெளியே எண் குறைவாக இருக்கும். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து விடுகிற நம் ஊர்ப் பழக்கத்தை மார்ச் வரை மூட்டை கட்டி வையுங்கள்.

8. வீட்டுக்குள்ளிருந்தே வரும் புகை

வெளியே பஞ்சாப், ஹரியானா வயலில் வைக்கோல் எரிக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே உள்ளே சாம்பிராணி போடுவோம். அளவுக் கருவி வந்த வாரத்திலேயே உங்களுக்கு இது தெரிந்துவிடும். காய்ந்த மிளகாய் தாளித்தால் எண் ஏறும், இரும்புக் கல்லில் தோசை வார்த்தால் இன்னும் ஏறும், கொசுவர்த்திச் சுருள் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். அக்டோபர், நவம்பர் இங்கே டெங்கு காலமும்கூட, கொசுவை விட்டுவிட முடியாது. சுருளுக்குப் பதில் வலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை மதியத்துக்கு மாற்றி, பால்கனிக் கதவைத் திறந்து வைத்துப் போடலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

சமைக்கும்போது படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கட்டும், சிம்னியோ எக்ஸாஸ்டோ அடுப்பு பற்றவைக்குமுன் ஓடட்டும். பியூரிஃபையரைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எண்ணெய்ப் புகை பிடித்த ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அப்புறம் படுக்கையறையில் பழைய வடை வாசனை வீசும்.

9. ஃபில்டர்

வெளியே இருக்கும் வலை போன்ற முன்ஃபில்டரைக் குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டி, கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். உள்ளே இருக்கும் ஹெப்பாவில் தண்ணீர் படக்கூடாது. கழுவினால் பார்க்க வெள்ளையாகும், பிறகு வடிகட்டாது. கழுவித் தருகிறேன் என்று வருபவர்களையும் அனுப்பிவிடுங்கள்.

‘ஃபில்டர் மாற்று’ என்று எரியும் விளக்கு பல மெஷின்களில் வெறும் மணிக்கணக்கு. ஒரு வருஷம் என்று கம்பெனி சொன்னாலும் டெல்லியில் முன்பே தீரலாம், கோடையில் அணைத்து வைத்திருந்தால் கூடுதலாகவும் வரலாம். அளவுக் கருவியைக் கேளுங்கள்: முதல் நாள் சோதனையில் இறங்கிய அளவுக்கு இப்போது இறங்கவில்லை, ஓட்டைகளும் சரியாக இருக்கின்றன என்றால் மாற்றும் நேரம். மாற்றியதும் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். வேறு கம்பெனி செய்த ‘பொருந்தும்’ ஃபில்டர் பாதி விலைக்குக் கிடைக்கும். ஓரத்தில் ரப்பர் சரியாக உட்காராமல் இடைவெளி இருந்தால் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும், அதைப் பார்த்து வாங்குங்கள். புதிய ஃபில்டரையும் செப்டம்பரிலேயே எடுத்து உறையோடு வைத்துவிடுவது நல்லது. பழையதை மாஸ்க் போட்டுக்கொண்டு பையில் கட்டி எறியுங்கள்.

10. பிப்ரவரிக்குப் பிறகு

காற்று தேறியதும் மெஷினை அணைக்கலாம். மே, ஜூனில் புழுதிப் புயல் வரும் நாட்களில் ஓட்டினால் போதும். மூட்டை கட்டும்போது ஃபில்டரைத் தனியே எடுத்துப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டுங்கள். மழைக்கால ஈரம் பட்டால் முக்கல் வாசனை வந்துவிடும். அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள், தூக்கி எறியாதீர்கள். ஊருக்கு மாற்றலானால் மெஷினைப் பெட்டியோடும் பில்லோடும் விற்கலாம். ஏப்ரலில் விற்றால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட்டு அக்டோபர் கடைசியில் விற்கச் சொல்லுங்கள், பேரம்கூடப் பேச மாட்டார்கள்.